சீர் வந்த பீரோ

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், கல்லூரி விடுமுறை விட்ட மறுநாள், பீரோவைத் திறந்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். திருவண்ணாமலையில் அந்த நாட்களில் பகலெல்லாம் வெயில் குடித்த மலை, ராத்திரி முழுக்க அதை நம் மேல் ஊதிக்கொண்டிருக்கும். உடம்பில் பட்ட துணியே பாரமாகத் தெரிகிற காலம். அதனால்தானோ என்னவோ, கட்டில் நிறைந்து தரையில் சரிந்த அந்தக் குவியலைப் பார்த்ததும் முதலில் மூச்சுமுட்டியது, பிறகுதான் வெட்கம் வந்தது.

அந்த வெட்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அது எனக்கு எப்படி வந்தது? பெண்களுக்குப் புடவைப் பைத்தியம் என்று பட்டிமன்ற மேடையில் நடுவர் சொன்னதும் கைதட்டும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். புடவைக் கடைக்குள் மனைவி போனால் வாசலில் குழந்தையோடு குந்தியிருக்கும் கணவனைக் காட்டாத நகைச்சுவைக் காட்சி உண்டா? இப்போது அதே கேலி வேறு வேடத்தில் வருகிறது. வேண்டாததைக் கழி, எளிமையாக வாழ், பருவத்துக்குப் பருவம் அலமாரியைப் பிரித்து அடுக்கு என்கிறார்கள். கம்பளி உடுப்பை எடுத்து வைத்துப் பருத்தியை இறக்கு என்கிற அறிவுரை, வருஷத்தில் பத்து மாதம் வியர்க்கிற ஊரில் இருப்பவளிடம் சொல்லப்படுகிறது. நமக்குத் துணியின் பருவங்கள் வானத்தைப் பார்த்து வருவதில்லை. ஆடித் தள்ளுபடி ஒரு பருவம், தீபாவளி ஒரு பருவம், பொங்கல் ஒன்று, தை முதல் ஆனி வரை முகூர்த்தங்கள் ஒன்று. ஆடியில் நம் வீடுகளில் நல்ல காரியம் வைப்பதில்லை, கடையில் கூட்டம் இருக்காது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வியாபாரிகள் கண்டுபிடித்த பண்டிகைதான் தள்ளுபடி. விதைப்பதற்காக இருந்த மாதத்தை வாங்குவதற்கான மாதமாக மாற்றியிருக்கிறார்கள். அதில் வரிசையில் நிற்பது நாம், பைத்தியம் என்ற பெயரும் நமக்கு.

குவியலை எண்ணினேன். புடவை 118. சுடிதார் செட் 23. தைக்காத ரவிக்கைத் துணி 41. பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுதினேன்: யார் எடுத்தது, எதற்கு எடுத்தது, எத்தனை தடவை கட்டியது. இரண்டு நாள் பிடித்தது. ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் இவ்வளவு நேர்மையாகத் தரவு சேகரித்ததில்லை என்று நினைக்கிறேன்.

118இல் என் சம்பளத்தில், என் கண்ணுக்குப் பிடித்து, எனக்காக நான் எடுத்தவை 22. மிச்சம் 96 புடவைகள் என்னைத் தேடி வந்தவை. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் எடுத்தது, முகூர்த்தத்துக்குப் புகுந்த வீட்டில் எடுத்தது, தலை தீபாவளி, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நாத்தனார் மகள் மஞ்சள் நீராட்டு. நான் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொடுத்ததற்குப் பதிலாக அவர்கள் அறுநூறு ரூபாய்க்குத் திருப்பியது, அதற்காக நான் எழுநூறுக்குப் போனது. ரவிக்கைத் துணிகளின் கதை இன்னும் வேடிக்கை. வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காயோடு வைத்துக்கொடுக்கிற அந்த எண்பது சென்டிமீட்டர் துணியை யாரும் தைப்பதில்லை. அது தைப்பதற்கு நெய்யப்பட்டதே இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டது. நான் கொடுத்த துணி ஒன்று இரண்டு வருஷம் கழித்து அதே மடிப்போடு என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் நான் பேனாவால் போட்ட புள்ளி அப்படியே இருந்தது.

இன்னொரு வகையும் இருந்தது, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ஒரே ஊதா நிறத்தில் நான்கு புடவைகள். மார்ச் 8, மகளிர் தினம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பெண் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எடுத்து, ஒரே மாதிரி நின்று, படம் எடுத்துக்கொண்டோம். அந்த வருஷங்களில் எங்கள் துறைக் கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் கேட்டு எழுதிய மனுவில் கையெழுத்துப் போட ஆறு பேர் முன்வந்தோம், புடவைக்குப் பணம் கட்ட முப்பத்தெட்டுப் பேர். 1917இல் பெட்ரோகிராடில் மகளிர் தினத்தன்று ரொட்டி கேட்டு ஆலையை விட்டு வெளியே வந்து ஒரு புரட்சியையே தொடங்கிவைத்தவர்கள் ஜவுளித் தொழிலாளிப் பெண்கள். அந்த நாளை நாங்கள் பாலியஸ்டரில் கொண்டாடினோம்.

இனி அந்த 96இல் ஒன்றைப் பற்றி. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, நல்ல கனமான பட்டு. பதிவேட்டில் 'யார் எடுத்தது' என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதினேன். 'எதற்கு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அப்பா இறந்த மறுவருஷம் போளூர் பக்கத்தில் இருந்த ஒன்றேகால் ஏக்கர் நஞ்சைக்கு என்னிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டைவிரல் மையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணி ஒரு பையை என் கையில் கொடுத்தார். "தங்கச்சிக்கு உங்க அண்ணனே போய்ப் பாத்து எடுத்தாரு" என்றார். எனக்கு அப்போது எம்.ஏ., எம்.ஃபில். முடிந்திருந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டதை மாணவிகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீர்மானம் சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று என்பதும், 1989இல் தமிழ்நாடு செய்ததை நாடு முழுவதற்கும் கொண்டுவர 2005 வரை ஆயிற்று என்பதும் எனக்குத் தெரியும். தேதி உட்பட வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இருந்தும் கையெழுத்துப் போட்டேன். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்பதற்காகப் போட்டேன். பொங்கலுக்கு ஒரு சேலையும் ஆடிக்கு ஒரு சேலையும் வந்துகொண்டிருக்கும் வரை அந்த வாசல் திறந்திருப்பதாக நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கு எனக்குப் பிடிபடுகிறது. மகனுக்குப் பத்திரம், மகளுக்குச் சீர். நிலம் விலை ஏறும், சேலை மடிப்பில் இற்றுப்போகும். நமக்குப் பைத்தியம் என்று சிரிக்கிற அதே ஆண்கள்தான் நமக்கு வேறு எதுவும் கொடுக்காமல் இதை மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இரும்பு பீரோகூடச் சீராகத்தான் வந்தது. அதற்குள் வைத்துப் பூட்ட என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஜப்பானைச் சேர்ந்த மரி கோண்டோ என்ற பெண்மணி உலகம் முழுக்கப் புகழ்பெற்றவர். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடச் சொன்னவர். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டதாக 2023இல் அவரே சொன்னார். எனக்கு அவர் மேல் அன்பு வந்தது அன்றுதான். அவருடைய கேள்வியை அந்த மயில்கழுத்துப் பட்டிடம் கேட்டுப் பார்த்தேன். மகிழ்ச்சி தரவில்லை. கோபம் தருகிறது. எத்தனை தடவை கட்டியது என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். அது எனக்குத் துணி அல்ல, ரசீது.

கழிப்பது என்று முடிவானவற்றை எங்கே கழிப்பது? நாம் கைகழுவும் துணிக்கு எப்போதும் நமக்குக் கீழே ஒரு பெண் வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் ஒரு மூட்டையைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் இரண்டு பருத்திப் புடவைகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தள்ளினார். "எனுக்கும் பொட்டி நெறஞ்சிக்கினுதான் கீது மேடம். நாலு ஊட்ல வேல செய்றேன், நாலு ஊட்லயும் புடவதான் குடுக்கறாங்க. தீவாளிக்குக் காசா குடுத்தா கேஸ் வாங்குவேன்." எனக்கு அண்ணன் செய்ததை நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. சாதிக்குச் சாதி பழந்துணி இறங்குகிற படிக்கட்டு ஒன்று நம் ஊர்களில் காலகாலமாக இருக்கிறது. வண்ணார் வீட்டுப் பெண்கள் ஊராரின் தீட்டுத் துணியை வெளுத்துக்கொடுத்து அதற்குக் கூலியாகப் பழஞ்சோறும் பழந்துணியும் பெற்ற கதை வெகுதூரத்தில் இல்லை. நாம் அதற்குத் தானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த வருஷம் ஒரு மாதச் சம்பளத்தைப் போனசாகக் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கொடுக்காமல் இருந்ததைச் சொல்கிறேன்.

தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தார். பாலியஸ்டரைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஏழு புடவைக்கு ஒரு சின்ன அலுமினியக் குண்டான். அவர் ஒதுக்கிய ரகம் உலகத்தில் எங்கெல்லாமோ மலையாகக் கிடக்கிறது. பணக்கார நாடுகள் கழித்த துணி பானிப்பத்துக்குக் கப்பலில் வந்து கிழிபட்டு மட்டமான போர்வை ஆகிறது. கானாவின் அக்ராவில் ஒரு சந்தையையே நிரப்புகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் கொட்டிக் கிடக்கிறது. உலகில் இன்று உற்பத்தியாகும் இழையில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர், அதாவது பெட்ரோலியத்திலிருந்து வந்தது. அது மக்காது. நம் அக்னி நட்சத்திரத்தில் அதைக் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர் நடந்து பார்த்தவர்களுக்கு அதன் குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கழிப்பதைப் பற்றி இவ்வளவு போதும். நான் சண்டைக்கு நிற்க விரும்புவது வாங்குகிற இடத்தில்.

'புத்திசாலித்தனமாக வாங்குவது எப்படி' என்று சொல்கிறவர்கள் எல்லாரும் என் பணப்பையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். துணிக்குப் பின்னால் நிற்கும் பெண்களைப் பற்றி அந்த அறிவுரையில் ஒரு வரி இருக்காது. சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. தென்மாவட்டங்களின் ஏழைப் பெண்பிள்ளைகளை, அதிலும் பெரும்பாலும் தலித் பெண்களை, மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்துப்போனார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியே போக அனுமதி இல்லை, மாதா மாதம் கையில் கிடைப்பது சொற்பம், முடிவில் கல்யாணச் செலவுக்கென்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாக. இடையில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டால் அந்த மொத்தமும் போயிற்று. பெயரைக் கவனியுங்கள்: சுமங்கலி. ஒரு பெண் தன் சீருக்காகப் பஞ்சுத்தூசியை மூச்சில் இழுத்து நூல் நூற்கிறாள். அந்த நூல் துணியாகி இன்னொருத்திக்குச் சீராகப் போகிறது. என் பதிவேட்டின் 96 வரிகளில் எத்தனையில் அவள் இருக்கிறாள் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. அவர் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பெண்கள் தலைமை தாங்கும் சங்கம். அது பின்வாங்கவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. ஆலைத் தளத்தில் பாலியல் துன்புறுத்தலைக் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களையே பயிற்றுவித்து நிறுத்தும் ஒப்பந்தம் அது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகமெங்கும் பேசப்படுகிறது. நம் ஊர்ப் பெண்கள் செய்து காட்டியது. என் முதுகலை மாணவிகள் அறுபது பேரில் அதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் இரண்டு பேர். எந்தக் கடையில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது அறுபது பேருக்கும் தெரிந்திருந்தது. குற்றம் மாணவிகளுடையது இல்லை, பாடத்திட்டம் வகுக்கிற எங்களுடையது.

போன ஆடியில் தேரடி வீதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். எனக்குப் புடவை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கணுக்கால் வீங்கியிருந்தது. "உக்கார மாட்டீங்களா?" என்று கேட்டேன். மேலே கேமரா இருக்கும் திசையைப் பார்க்காமலே கண்ணால் காட்டினாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதற்கு முன்பே 2018இல் கேரளம் கொண்டுவந்தது. கோழிக்கோட்டில் பெண்கூட்டு என்ற அமைப்பில் திரண்ட தையல்காரப் பெண்களும் விற்பனைப் பெண்களும் வருஷக்கணக்கில் தெருவில் நின்று கேட்டு வாங்கிய உட்காரும் உரிமை அது. அன்று நான் அந்தப் பெண்ணிடம் எதுவும் எடுக்கவில்லை. கல்லாவில் இருந்தவரிடம் போய், உங்கள் விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி எங்கே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருபது வருஷப் பணி அனுபவமும் முனைவர் பட்டமும் சுருங்கி நானும் பைத்தியக்காரி ஆனேன். பிறகுதான் யோசித்தேன், நான் எடுக்காமல் வந்ததற்கு அந்தப் பெண்ணுக்குத் திட்டு விழுந்திருக்கும். ஒருத்தி கேட்டால் இப்படித்தான் ஆகும். ஊதாப் புடவைக்கு முப்பத்தெட்டுப் பேர் சேர முடிந்தது இல்லையா, நாற்காலி கேட்க ஏன் அந்த முப்பத்தெட்டுப் பேரும் ஒன்றாகப் போகக் கூடாது? இந்த ஆடிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். இதுவரை ஒன்பது பேர்.

நான் வாங்குவதையே விட்டுவிடவில்லை. துறவு நமக்கு விடுதலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த ஊரில் காவி கட்டியவர்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன். ஆனால் இப்போது கணக்குப் போட்டு வாங்குகிறேன். பதினெட்டாயிரம் ரூபாய்ப் பட்டை மூன்று தடவை கட்டியிருக்கிறேன், ஒரு தடவைக்கு ஆறாயிரம். தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கோ-ஆப்டெக்ஸில் எடுத்த பருத்திச் சேலையை அறுபது தடவையாவது வகுப்புக்குக் கட்டியிருப்பேன், ஒரு தடவைக்குப் பதினைந்து ரூபாய். 'மேடம் போன வாரமும் இதேதான்' என்று பின்பெஞ்சில் கேட்கும். கேட்கட்டும். ஆண் பேராசிரியர் ஒருவர் இரண்டே பேன்ட்டில் ஓய்வு பெற்றார், அவருக்கு எளிமையானவர் என்று பாராட்டு விழா நடந்தது.

பட்டு எடுக்க ஆரணிக்கே போனேன், நம் மாவட்டம்தானே. கரையில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டச் சொன்னேன். அசல் பட்டு முடி பொசுங்கும் வாடையோடு கரிந்து விரலில் பொடியாகும், பாலியஸ்டர் உருகி உருண்டை கட்டும். இதெல்லாம் வாங்குகிறவளுக்கான சூட்சுமம். நெசவு வீட்டுக்குள் போனபோது வேறொன்றைப் பார்த்தேன். தறியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார். தார் சுற்றுவது, இழை பிணைப்பது, பாவு போடுகிற அன்று தெருவில் ஒரு முனையைப் பிடித்து நிற்பது எல்லாம் அந்த வீட்டுப் பெண்கள். கூலி புடவைக்கு இவ்வளவு என்று கணவர் பெயரில் எழுதப்படுகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள். நெசவாளர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். நெசவாளி என்றதும் நம் மனதில் வருவது இன்னமும் மீசை வைத்த முகம்தான். கைத்தறி என்றால் புனிதம் என்று நானும் நினைத்திருந்தேன். கைத்தறியிலும் கூலியில்லாத கை ஒன்று இருக்கிறது. அங்கே அந்த அம்மாவிடம் கேட்டேன், உங்களுக்கென்று எவ்வளவு தருகிறார்கள் என்று. "எனுக்கு எதுக்கு தனியா? அவருக்கு வர்றதுல சோறு துன்றேன் இல்ல?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அன்று ஆரணியில் எடுத்தது எனக்கில்லை, அம்மாவுக்கு.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை அம்மாவின் பீரோவை அத்தைகளும் சித்திகளும் சேர்ந்து திறந்தார்கள். மாமா வீட்டிலிருந்து போட்ட கோடிச் சேலைகள் வெளிறிய நிறத்தில் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. "இனிமே உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்" என்று சொல்லிச் சொல்லி அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாவற்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அழுதுகொண்டேதான் எடுத்தார்கள். அம்மா ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எடுத்துக்கொடுத்தாள், இது இன்ன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு எடுத்தது, இது நீ பிறந்தப்போ எடுத்தது என்று சொல்லிக்கொண்டே. ஒரு மணி நேரத்தில் பீரோ காலி. வேண்டாததைக் கழித்து எளிமையாக வாழும் கலையை எங்கள் வீட்டில் யாரும் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் ஒன்று கிடைத்தது. நானும் வாங்கிக்கொண்டேன். என் பதிவேட்டில் அது 57ஆம் வரி.

ஆரணியில் எடுத்த அரக்குச் சேலையை அம்மாவிடம் கொடுத்தபோது அவளுக்கு எழுபத்து மூன்று வயது. 57ஆம் வரியையும் அதோடு வைத்தேன். பழையதை உடனே அடையாளம் கண்டு தடவிப் பார்த்தாள். புதியதைப் பிரித்து, முந்தியை வெளிச்சத்தில் பிடித்து, "விலை எவ்ளோ?" என்றாள். சொன்னேன். "ஏமாந்துட்ட" என்றாள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்பாள் என நினைத்துப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. தோளில் போட்டுக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, இதற்கு ஏற்ற ரவிக்கைத் துணி இருக்கிறதா என்றாள்.

நாற்பத்தொரு துண்டுகளையும் கொண்டுவந்து பாயில் பரப்பினேன். ஒன்றுகூடச் சேரவில்லை.